வாந்தி பேதி பரவினால் காரணம் தேடுவது எப்படி? ராமநாதபுரம் கடற்கரைக்கான முழு வழிகாட்டி

கடலோர ஊரில் ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு வாந்தி பேதி என்றால் பழி முதலில் மீன்மேல் விழும். "நேத்து வாங்கின சூரை சரியில்ல" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், பொழுது சாய்வதற்குள் மீன்கார அம்மாவின் கூடைப்பக்கம் யாரும் போகமாட்டார்கள். மீன் காரணமாகவும் இருக்கலாம். ஆனால் நோய் வந்த நாலு பேரும் மீன் சாப்பிட்டார்கள் என்பது ஒரு சான்றே இல்லை. நோய் வராத பக்கத்து வீட்டுக்காரரும் அதே மீனைத்தான் சாப்பிட்டிருப்பார். அவரிடம் போய்க் கேட்பவர் யாருமில்லை. அவரிடமும் கேட்பதுதான் ஆய்வு. இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப வரப்போகும் விஷயமும் அதுதான்.

சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள், செவிலியர் கல்லூரி மாணவிகள், சுகாதார ஆய்வாளர் பயிற்சியில் இருப்பவர்கள், ஊரில் நடப்பதைச் சரியாகப் பதிந்துவைக்க நினைக்கும் இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பாக் விரிகுடாப் பக்கம் தொண்டி, தேவிபட்டினம். தீவில் பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம். மன்னார் வளைகுடாப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம். இந்த ஊர்களை மனதில் வைத்தே ஒவ்வொரு படியையும் சொல்கிறேன்.

முதலில் சிகிச்சை, அப்புறம் கேள்வித்தாள்

கண் குழிந்து, நாக்கு வறண்டு, கிள்ளிய தோல் மெல்லத் திரும்பி, சிறுநீரும் போகாமல் ஒருவர் படுத்திருந்தால் அந்த வீட்டில் கேள்வித்தாளை எடுக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். தெம்பாக இருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ். கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். ஒரு டம்ளருக்குக் கால் பாக்கெட் என்று குத்துமதிப்பாகப் போடுவது ஆபத்து. குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள்: ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம். பேதி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடும் தாய்மார்களே அதிகம், அதனால் 14 நாள் என்பதை அழுத்திச் சொல்லிவிட்டு வாருங்கள்.

அடுத்து, தகவல். ஊரின் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். 2004-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாகத்தான் தகவல் மாவட்டத்துக்குப் போகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ராமநாதபுரம், பரமக்குடி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள் உண்டு. உங்கள் ஊர் எதில் வருகிறது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். நோய் பரவும்போது சுகாதாரத் துறை செய்யும் அவசர விசாரணைக்குக் காத்திருப்பு கிடையாது. அதே விவரங்களைப் பிறகு கட்டுரையாக வெளியிட நினைத்தால் கதை வேறு. நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைப் பின்பற்ற வேண்டும்.

படி 1: நோயாளிகள் எண்ணிக்கை உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிப் பதிவேட்டை எடுத்து, இதே மாதத்தில் போன இரண்டு மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் வயிற்றுப்போக்குக்கு வந்தார்கள் என்று பாருங்கள். இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் முதல் பெருமழை விழுந்ததும் எண்ணிக்கை ஏறுவது வழக்கம்தான். வழக்கத்துக்கு மேல் எவ்வளவு என்பதே கேள்வி. போன வாரம் மருத்துவ முகாம் நடந்திருந்தாலும் எண்ணிக்கை கூடும், அது நோய் கூடியதாக ஆகாது.

படி 2: யாரை நோயாளி என்று எண்ணுவது?

வரையறையை எழுதிவைத்துக்கொள்ளாமல் தெருவில் இறங்காதீர்கள். "இன்ன தேதிக்குப் பிறகு, இந்த ஊரில் தங்கியிருந்தவர்களில், 24 மணி நேரத்துக்குள் மூன்று முறையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனவர்" என்பது போல் காலம், இடம், ஆள், அறிகுறி நான்கும் அதில் இருக்க வேண்டும். வாந்தி மட்டும் வந்தவர்களைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள். பின்னால் மிகவும் பயன்படும்.

வரையறை காகிதத்தில் இருக்கும், வீட்டில் பேச்சு வேறு மாதிரி இருக்கும். "உங்க பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று கேட்டால் "இல்லையே" என்பார்கள். அவர்கள் கணக்கில் பிள்ளைக்கு வந்தது தொக்கம், அதாவது தின்றது உள்ளே சிக்கிக்கொண்டது, எடுக்கிறவரிடம் கொண்டுபோய் எடுத்தாயிற்று. அல்லது பல் முளைக்கிறது. அல்லது சூடு பிடித்திருக்கிறது. நோய்ப் பெயரை விட்டுவிட்டு நடந்ததைக் கேளுங்கள்: "எத்தனை தடவை போனான்? தண்ணியா போச்சா, சளியும் ரத்தமுமா போச்சா?" ரத்தம் என்றால் ஷிகெல்லா போன்ற கிருமிகளை நினைக்க வேண்டும். "அரிசி கழுவின தண்ணி மாதிரி" என்று ஒருவர் சொன்னால், அதுவும் பெரியவர் ஒருவர் நீர் வற்றிச் சுருண்டு கிடந்தால், காலராவைச் சந்தேகித்து அந்த நிமிடமே மேலே சொல்லுங்கள். பெண்களிடம் பெண்கள் கேட்பதே சரி. வெளிக்குப் போன கணக்கை அறிமுகமில்லாத ஆணிடம் எந்த இளம்பெண்ணும் சொல்லமாட்டாள். வற்புறுத்திக் கேட்டால் வருவது பொய்க்கணக்கு.

படி 3: வீடு வீடாகத் தேடி, வரிசைப் பட்டியல் போடுவது

மருத்துவமனைக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர். மீதிப்பேர் மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கிக்கொண்டு போனவர்கள், அல்லது வீட்டிலேயே கருப்பட்டிக் காபி குடித்துப் படுத்தவர்கள். தனியார் கிளினிக், மருந்துக்கடை, பள்ளி வருகைப் பதிவேடு, அங்கன்வாடி என்று எல்லா இடத்திலும் கேளுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வயது, ஆணா பெண்ணா, தெரு, தொழில், அறிகுறிகள், குடித்த தண்ணீர், போன மூன்று நாள் சாப்பாடு, என்ன மருந்து எடுத்தார். பெயருக்குப் பதில் எண். பெயரும் எண்ணும் உள்ள தாள் தனியாக, பூட்டிய இடத்தில்.

நோய் தொடங்கிய தேதி மட்டும் போதாது, மணியும் வேண்டும். கடிகாரம் பார்த்துப் பேதி போனவர் யாரும் இல்லை. அதனால் ஊர் நாளோடு கட்டிக் கேளுங்கள்: சுபுஹு பாங்குக்கு (விடியற்காலைத் தொழுகை அழைப்புக்கு) முன்னா பின்னா? படகு கரைக்கு வந்ததுக்கு அப்புறமா? சாயங்கால ரயில் போன பிறகா? இப்படிக் கேட்டால் ஒரு மணி நேர வித்தியாசத்துக்குள் விடை வந்துவிடும்.

இனி, பட்டியலில் விடுபடுகிறவர்கள். விசைப்படகில் டோக்கன் வாங்கிப் போன ஆண்கள் நீங்கள் போகும் நேரத்தில் கடலில் இருப்பார்கள். கடல்பாசி எடுக்கும் பெண்கள் விடிவதற்குமுன் கிளம்பிவிடுவார்கள். பத்து மணிக்கு வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைப்பது கிழவிகளும் குழந்தைகளும்தான். அப்புறம் "குழந்தைகளுக்கும் முதியவர்களுக்குமே அதிகம் பரவியது" என்று அறிக்கையில் ஒரு வரி வரும்! மாலையில் ஒருமுறை, படகு வந்த மறுநாள் ஒருமுறை போங்கள்.

கடலுக்குப் போனவர்களைப் பிடிப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. படகில் அவர்களுக்குத் தனித் தண்ணீர் கேன், தனிச் சமையல். கரையில் குடும்பமே படுத்திருக்க, அந்த இரண்டு நாளும் கடலில் இருந்தவருக்கு ஒன்றுமில்லை என்றால், காரணம் கரையில் இருக்கிறது. இந்த ஒப்பீட்டைக் கடலோர வாழ்க்கை உங்களுக்குச் சும்மா தருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் இது கிடைக்காது. விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், மீனும் பாதி வெளியூரிலிருந்து ஐஸில் வரும். கேள்வித்தாளை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

ராமேஸ்வரத்திலும் ஏர்வாடியிலும் யாத்திரிகர்கள் வேறொரு சிக்கல். தை அமாவாசைக்கோ ஆடி அமாவாசைக்கோ வருகிறவர் அக்னி தீர்த்தத்தில் குளித்து, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஹோட்டலில் சாப்பிட்டு, இரவே ரயில் ஏறிவிடுவார். டைபாய்டு தலைகாட்ட ஒன்று முதல் மூன்று வாரம், ஏ வகை மஞ்சள்காமாலைக்கு நாலு வாரம் போல. அவர் காசியிலோ போபாலிலோ படுப்பார், அங்கே உள்ள மருத்துவருக்கு ராமேஸ்வரம் நினைவுக்கே வராது. அதே ஹோட்டலில் தினம் சாப்பிடும் ஆட்டோ ஓட்டுநர்கள், அறை சுத்தம் செய்பவர்கள், தீர்த்தம் இறைப்பவர்கள்தான் உங்களுக்குக் கிடைக்கும் சாட்சிகள்.

படி 4: நேரத்தைப் படமாக வரைவது

கட்டம் போட்ட தாள் போதும், கணினி வேண்டாம். கீழே நேரம், மேலே ஆட்கள், ஒருவருக்கு ஒரு கட்டம். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் எல்லோரும் ஒரே வேளையில் ஒன்றை உண்டோ குடித்தோ இருக்கிறார்கள். நாள்கணக்கில் மேடாக நீண்டால் ஊற்றுக்கண் இன்னும் திறந்தே இருக்கிறது, பெரும்பாலும் தண்ணீர். அலை அலையாக வந்தால் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுகிறது.

விருந்து மாதிரி ஒரே வேளைச் சாப்பாடு என்றால், சாப்பிட்டதற்கும் நோய்க்கும் நடுவே உள்ள இடைவெளியே பாதித் துப்பு. ஒன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள், வாந்தி தூக்கலாக வந்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவின் நஞ்சு அல்லது ஆறிப்போன சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் பாக்டீரியா. எட்டு முதல் பதினாறு மணி, வயிற்று வலியும் பேதியும் என்றால் பெரிய அண்டாவில் ஆக்கி மெல்ல ஆறிய குழம்பில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ். அரை நாள் முதல் மூன்று நாள், காய்ச்சலோடு என்றால் சால்மொனெல்லா. 12 முதல் 48 மணி, வாந்தியும் கூடவே, வீட்டுக்குள் அடுத்தடுத்து என்றால் நோரோ வைரஸ். காலராவுக்குச் சில மணி நேரம் முதல் ஐந்து நாள். இந்த எல்லைகள் ஒன்றோடொன்று மேவும். இடைவெளியை மட்டும் வைத்துக் கிருமியின் பெயரை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

படி 5: தண்ணீர் வரைபடம்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கடற்கரைக்கு வெளியிலிருந்து வருகிற ஆய்வாளர் "குடிநீர் ஆதாரம்: குழாய்" என்று ஒரே கட்டத்தில் குறித்துவிட்டுப் போவார். இங்கே ஒரு வீட்டில் நாலு தண்ணீர் இருக்கும். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் வரும் அன்றைக்கு அது. வராத நாளில் டிராக்டரிலோ லாரியிலோ வரும் விலைத் தண்ணீர். மழைக்குப் பிறகு ஊரணி. கடலோர மணலில் தோண்டிய ஊற்றில் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்புவதும் உண்டு. விருந்தாளி வந்தால் கடையில் கேன். சமைக்க ஒன்று, குடிக்க ஒன்று, குழந்தைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எந்த நாளில் எது என்று கேட்க வேண்டும்.

மணல் ஊற்றில் உப்பில்லாத தண்ணீர் கிடைப்பதற்குக் காரணம் எளிது. மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது, மணலுக்குள் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு, மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். சிக்கல் என்னவென்றால் கழிப்பறைக் குழியும் அதே மேல்மணலில்தான் இருக்கிறது. மணல் தண்ணீரை வேகமாகக் கடத்தும், மழைக்காலத்தில் நீர்மட்டம் குழியைத் தொட்டுவிடும். வரைபடத்தில் ஊற்றையும் குழியையும் குறித்து, நடுவில் அடிக்கணக்கையும் நிலச் சரிவையும் எழுதுங்கள்.

இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உப்புத் தண்ணீரோடு போராடியதால் ஜனங்கள் தண்ணீரை நாக்கால்தான் எடைபோடுகிறார்கள். கரித்தால் கெட்டது, இனித்தால் நல்லது, குளோரின் வாடை அடித்தால் சந்தேகம். நோய்க்கிருமிக்கு ருசியே கிடையாது. உப்பு நீக்கிய தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு நீக்கும் எந்திரத்தின் சவ்வு நல்ல நிலையில் இருந்தால் உப்போடு கிருமியையும் தடுத்துவிடும். ஆனால் சவ்வைத் தாண்டி வரும் நீரில் குளோரின் துளியும் இருக்காது. அதற்குப் பிறகு அழுக்குக் குழாயோ, கழுவாத கேனோ, குடத்துக்குள் விட்ட கையோ பட்டால் தடுக்க எதுவுமில்லை. ருசியான தண்ணீர் குடித்தவர்களுக்கே அதிகம் பேதி என்று கணக்கு வந்தால் திகைக்காதீர்கள்.

குழாய்த் தண்ணீரைத் தொட்டியோடு விட்டுவிடாமல் தெருக்கோடி வரை நடந்து பாருங்கள். விட்டு விட்டு வரும் குழாய்க்குள் தண்ணீர் இல்லாத நேரத்தில் உறிஞ்சல் உண்டாகி, விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகும். அழுத்தம் போதாத தெருக்களில் குழி தோண்டிக் குழாய் முனையைத் தரைக்குக் கீழே இறக்கி வைத்திருப்பார்கள். மழையில் அந்தக் குழி நிரம்பினால் குழாய் வாய் அழுக்கில் மூழ்கிக் கிடக்கும். யார் வீட்டில் மோட்டார் வைத்து இழுக்கிறார்கள் என்பதையும் குறியுங்கள். சண்டைக்குப் போக அல்ல, வரைபடத்துக்கு.

எஞ்சிய குளோரினை, அதாவது கிருமியைக் கொன்றபின் தண்ணீரில் மிஞ்சி நிற்பதை, அளக்க டேங்க் ஆபரேட்டர் வைத்திருக்கும் குளோரோஸ்கோப் போதும். ஆர்த்தோடாலிடின் என்ற திரவத்தைச் சொட்டுவிட்டு மஞ்சள் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் உடனே ஒப்பிடுங்கள். இந்தியத் தரக் குறியீடு 10500-ன்படி லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம், வைரஸ் தொற்றைத் தடுக்க வேண்டியிருந்தால் 0.5. தொட்டியடி, நடுத்தெரு, கடைசி வீடு, அந்த வீட்டுக் குடம் என்று நாலு இடத்திலும் அளக்க வேண்டும். நீங்கள் வருவது முன்கூட்டித் தெரிந்தால் அன்றைக்குக் குளோரின் பிரமாதமாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்!

கறுப்பாக மாறும் பாட்டில் சோதனையும் கையில் இருக்கட்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடை வைத்து மலக்கலப்பைக் காட்டும் இந்த எளிய முறையை 1982-ல் வெளியிட்டவர்கள் குவாலியரின் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த மஞ்சா குழுவினர். நம் நாட்டுச் சரக்கு, உலகமெங்கும் போயிற்று. ஆனால் கடலோரச் சேற்று நிலத்து நீரில் கந்தகத்தைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களும் இருக்கும், மலக்கலப்பு இல்லாமலே அவை பாட்டிலைக் கறுப்பாக்கிவிடும். கறுத்தால் சந்தேகம், அவ்வளவுதான். முடிவு ஆய்வகத்தில்.

படி 6: நோய் வராதவரிடம் கேட்பது

1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, அதற்குக் காரணம் பிராட் தெருவின் தண்ணீர்க் குழாய்தான் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டுபிடித்த கதையைப் பொது சுகாதாரம் படிக்கும் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதில் எனக்குப் பிடித்த இடம் குழாயின் கைப்பிடியைக் கழற்றியது அல்ல. கைப்பிடி கழற்றப்பட்டபோது நோய் ஏற்கெனவே இறங்குமுகத்தில் இருந்தது. அந்தத் தெருவிலேயே இருந்த பீர் ஆலைத் தொழிலாளிகளுக்கு ஏன் காலரா வரவில்லை என்று அவர் போய்க் கேட்டாரே, அதுதான் ஆய்வு. அவர்கள் பீர் குடித்தார்கள், அந்தக் குழாய்ப்பக்கமே போகவில்லை.

முதலில் ஏழெட்டு நோயாளிகளிடம் கேள்வித்தாள் இல்லாமல் மனம்போல் பேசுங்கள். அதில் இரண்டு மூன்று ஊகம் பிறக்கும். பிறகு கேள்வித்தாள். வந்தவர் எல்லோரும் யார் யார் என்று தெரிந்த கல்யாணம், கந்தூரி, அன்னதானம் என்றால் அத்தனை பேரையும் கேட்கலாம். ஊர் முழுதும் பரவியது என்றால் ஒரு நோயாளிக்கு நோயில்லாத இரண்டு பேர் என்று எடுங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. வசதிக்காக அடுத்த வீட்டுக்காரரையே எடுத்தால் அவரும் அதே குழாய்த் தண்ணீர்தான் குடித்திருப்பார், வித்தியாசமே தெரியாது. வேறு தெருக்களிலிருந்தும் எடுங்கள்.

கணக்கை ஒரு கற்பனை விருந்தில் வைத்துப் பார்ப்போம். 160 பேர் சாப்பிட்டார்கள். மீன் குழம்பு சாப்பிட்ட 100 பேரில் 45 பேருக்குப் பேதி, அதாவது 45 சதவீதம். சாப்பிடாத 60 பேரில் 13 பேருக்கு, சுமார் 22 சதவீதம். மீன் சாப்பிட்டவர்களுக்கு இரண்டு மடங்கு. ஊர் சொன்னது சரியாகப் போயிற்று, இல்லையா? பொறுங்கள். பந்தியில் வைத்த லாரித் தண்ணீரைக் குடித்த 80 பேரில் 54 பேருக்கு, 67.5 சதவீதம். வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவந்தோ கேன் தண்ணீர் குடித்தோ இருந்த 80 பேரில் 4 பேருக்கு, 5 சதவீதம். இது பதின்மூன்றரை மடங்கு.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பிரியுங்கள். லாரித் தண்ணீரும் மீனும்: 64 பேரில் 43. லாரித் தண்ணீர் மட்டும், மீன் இல்லை: 16 பேரில் 11. இரண்டுமே 70 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. மீன் மட்டும், லாரித் தண்ணீர் இல்லை: 36 பேரில் 2. இரண்டுமே இல்லை: 44 பேரில் 2. இரண்டுமே 5 சதவீதத்தை ஒட்டியவை. மீனால் எந்த வித்தியாசமும் இல்லை. மீன் பரிமாறிய பந்தியில் லாரித் தண்ணீர் வைத்திருந்தார்கள், அதனால் மீனுக்கு அந்தப் பழி. இப்படிப் பிரித்துப் பார்க்காத ஓர் அறிக்கை ஒரு குடும்பத்தின் வியாபாரத்தையே முடித்துவிடும். எத்தனை டம்ளர் குடித்தார் என்றும் கேட்டுவையுங்கள். குடித்த அளவு கூடக் கூட நோயும் கூடியிருந்தால் உங்கள் முடிவுக்கு இன்னொரு முட்டு.

படி 7: மீன்மேல் உண்மையிலேயே சந்தேகம் இருந்தால்

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி சாப்பிட்ட சில நிமிடம் முதல் இரண்டொரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, வாய் எரிந்து, நெஞ்சு படபடத்தால் அது ஹிஸ்டமின் நஞ்சு. பிடித்த மீனை ஐஸ் இல்லாமல் வெயிலில் போட்டுவைத்தால், மீன் சதையில் இயல்பாக இருக்கும் ஹிஸ்டிடினைப் பாக்டீரியா ஹிஸ்டமினாக மாற்றுகிறது. கொதிக்கவைத்தாலும் அழியாது, நாற்றமும் வராமல் போகலாம். மருத்துவமனையில் இதை "மீன் அலர்ஜி" என்று எழுதிவிடுவார்கள். ஒரே மீனைத் தின்ற நாலு பேருக்கு ஒரே நேரத்தில் அலர்ஜி வராது.

இன்னொன்று விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். 1950-ல் ஜப்பானின் ஒசாகாவில் அரைகுறையாக உலர்ந்த பொடி மீனைத் தின்ற 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தபோது புஜினோ என்ற ஆய்வாளர் கண்டறிந்த கிருமி. கருவாடு காயப்போடும் நம் கரைக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை. இது சாக்கடையிலிருந்து வர வேண்டியதில்லை, இளஞ்சூடான கடல்நீரிலும் கழிமுகத்திலும் தானாகவே வாழும். அதனால் தண்ணீரில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலி பாக்டீரியா இல்லை என்ற அறிக்கை இந்தக் கிருமியைப் பற்றி எதுவும் சொல்லாது. நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். பிறகு எப்படி வருகிறது? மீன் அரிந்த அரிவாள்மனையில் வெங்காயம் அரிந்திருப்பார்கள். துறைமுகத்துக் கலங்கல் தண்ணீரில் மீனைக் கழுவியிருப்பார்கள். மீன் கட்டிய ஐஸ் சர்பத் கடைக்குப் போயிருக்கும். கேள்வித்தாளில் "மீன் சாப்பிட்டீர்களா" என்பதோடு நிறுத்தாமல் யார், எதில், எதை வைத்து அரிந்தார்கள் என்று கேளுங்கள்.

நஞ்சுள்ள பேத்தை மீன் விவகாரம் வேறு. உதடு மரத்து, கை கால் தளர்ந்து, மூச்சு திணறினால் ஆய்வு எதுவும் வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி.

படி 8: மாதிரி எடுப்பது

எல்லோரிடமும் மலம் எடுக்க வேண்டியதில்லை. புதிதாக நோய் கண்ட, ஆன்டிபயாடிக் இன்னும் தொடாத ஐந்து முதல் பத்துப் பேர் போதும். கிருமியைச் சாகாமல் வைத்திருக்கும் கேரி பிளேர் ஊடகத்தில், மலம் தொட்ட குச்சியை முழுக மூழ்கவைத்து அனுப்புங்கள், உறையவிடாதீர்கள். தண்ணீரைக் கிருமி நீக்கிய பாட்டிலில், குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு எடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே குளோரின் வேலை செய்து, அழுக்குத் தண்ணீரும் சுத்தம் என்று வந்துவிடும். ஐஸ் பெட்டியில், 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை ஏறக்குறைய 170 கிலோமீட்டர், வண்டியை முடிவு செய்துவிட்டு மாதிரி எடுங்கள். விப்ரியோ தேடும் மீன் மாதிரியை மட்டும் ஐஸ்மேல் நேராக வைக்காதீர்கள், அந்தக் கிருமி குளிர் தாங்காது.

ஆய்வகத்துக்குப் போகும் சீட்டில் "விப்ரியோவும் தேடவும்" என்று எழுதுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தேடமாட்டார்கள். விப்ரியோ வகைக் கிருமிகளை வளர்க்கும் டி.சி.பி.எஸ். தட்டில் காலரா கிருமி மஞ்சளாகவும் பாராஹீமோலிட்டிகஸ் பச்சையாகவும் முளைக்கும். 1992-ல் சென்னையிலும் மதுரையிலும் ஓ139 என்ற புதிய காலரா வகை தலைகாட்டியபோது, வழக்கமான ஓ1 வகையைக் கண்டறியும் சோதனைச் சீரத்தோடு அது ஒட்டவில்லை. நோயாளி காலரா போலவே இருந்தும் ஆய்வகம் "இல்லை" என்றால் விடாமல் மறுபடி கேட்பதில் தப்பில்லை.

படி 9: முடிவுக்குக் காத்திராமல் செயல்

ஆய்வக முடிவு வர நாளாகும். வரைபடமும் கணக்கும் ஒரே இடத்தைக் காட்டினால் அன்றைக்கே சொல்லுங்கள். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்பது நல்ல பிளீச்சிங் பவுடருக்கான வழக்கமான அளவு. அரை மணி நேரம் விட்டு எஞ்சிய குளோரினை அளந்து, போதாவிட்டால் கூட்ட வேண்டும். கலங்கிய ஊரணி நீருக்கு இந்த அளவு நிச்சயம் போதாது. மூட்டை திறந்து மாசக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்த பவுடரில் வாடை இருக்கும், வீரியம் இருக்காது. குழிக் குழாய்களை மூடும்வரை காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்கள். விறகு வாங்கிக் காய்ச்சும் வீடுகளுக்கு அது எளிதல்ல, அவர்களுக்குக் குளோரின் மாத்திரை கொடுக்க ஏற்பாடு கேளுங்கள்.

கண்டதை ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜமாத், ஊர்க்கமிட்டி, பங்குத்தந்தை, மீனவர் சங்கம், மகளிர் குழு, எது எங்கே செல்லுபடியாகுமோ அங்கே. கட்டத்தாள் படத்தையும் தெரு வரைபடத்தையும் காட்டினால் போதும், அவர்களே மீதியைச் சொல்லிவிடுவார்கள். லாரிக்காரர் பெயர், மீன்கார அம்மா பெயர் கூட்டத்தில் வரக் கூடாது.

காலரா என்றால் கடைசி நோயாளிக்குப் பிறகு பத்து நாள் புதியவர் யாரும் இல்லாதிருந்தால் முடிந்தது என்று எழுதலாம். அது அந்தக் கிருமியின் அதிகபட்ச இடைவெளியைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் தண்ணீரில் மலம் கலந்தது உறுதி என்றால் கோப்பை மூடாதீர்கள். அதே கலப்பில் ஈ வகை மஞ்சள்காமாலைக் கிருமியும் வந்திருக்கலாம், அது வெளியே தெரிய இரண்டு முதல் பத்து வாரம், சராசரியாக ஐந்தாறு வாரம் ஆகும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் பெண்களுக்கு அது வந்தால் நூறில் இருபது முதல் இருபத்தைந்து பேர் வரை இறக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. கிராம சுகாதார செவிலியரிடம் உள்ள கர்ப்பிணிகள் பதிவேட்டில் அந்தத் தெருக்களின் பெயர்களைக் குறித்துவைத்து, பத்து வாரம் முடியும்வரை வாரம் ஒருமுறை கண் மஞ்சளாகிறதா, சிறுநீர் மஞ்சளாகப் போகிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள்.